அணை உடைஞ்ச வருஷம்

"அணை உடைஞ்சப்போ இவன் கைப்புள்ள, தாயி. நீயே கணக்குப் போட்டுக்க."

பேரனின் வயதைக் கேட்டதற்கு வேடசந்தூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் சொன்ன பதில் இது. 1995 மே மாதம். கோடை விடுமுறையில் ஆறு வாரம் சுகாதாரக் கணக்கெடுப்புப் பயிற்சிக்குக் காந்திகிராமம் வந்திருந்தேன். எந்த அணை என்று கேட்கக் கூச்சம். பையனின் முகத்தைப் பார்த்து 20 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் சுகாதாரத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே வீடு வீடாய்ப் போய்க் கேட்டு எழுதுகிற மண் காந்திகிராமம். அந்த வழியில் பழகியவர் எங்களை நடத்திய அக்கா. மாலையில் படிவத்தைப் புரட்டியவர் அந்த 20-இல் விரலை வைத்தார். "அவங்க சொன்னாங்களா, நீ எழுதினியா?"

கண் கலங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதித் தந்தார். 1977 நவம்பர், குடகனாறு அணை உடைந்தது. 1985, மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. 1987, எம்.ஜி.ஆர். மறைவு. ஊர் தன் வயதை இப்படித்தான் வைத்திருக்கிறது என்றார். மறுநாள் ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழக பஸ்ஸைப் பிடித்து அதே வீட்டுக்குப் போய் 18 என்று திருத்தினேன். அந்தப் பஸ் பெயரும் இப்போது இல்லை.

அதன்பிறகு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினேன். முன்பெல்லாம் அவர்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவேன்.

கடைசி வாரம் திண்டுக்கல் பேகம்பூரைத் தாண்டி, தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்த பக்கம். குடிநீர் எங்கிருந்து? கிணறு, அடிகுழாய், மற்றவை. முற்றத்தில் கிணறு தெரிந்ததால் பேனா அங்கே போனது.

"கெணறுன்னு எழுதாத தாயி. கெணறு இருக்கு. தண்ணிதான் போச்சு."

சொம்பில் மொண்டு கொடுத்தார் அந்த வீட்டுப் பாட்டி. ஒரு மடக்கு. உப்பு நாக்கில் ஏறித் தொண்டையைக் கரித்தது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் இதே தண்ணீரில்தான் பருப்பு வெந்ததாம். தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பும், பிறகு வந்த குரோமும் கழுவின நீரோடு மண்ணில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பின்பக்கம் முழுவதும் எழுதினேன். அன்று மாலை அக்கா முதலில் படித்தது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

மறுவருஷம் ஆகஸ்ட் 28 அன்று, தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் 'திண்டுக்கல் அண்ணா' என்று எங்கள் மாவட்டத்தின் பேரும் இருந்தது. வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கு. எனக்கு அந்தச் சொம்புதான் நினைவுக்கு வந்தது. பாட்டி அதுவரை இருந்தாரா என்று தெரியாது. போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அன்று அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்காவின் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, கிணறு கெட்டது எந்த வருஷம் என்று பாட்டியிடம் கேட்டிருந்தேன்.

"ஒருநாள்ல கெட்டுச்சா தாயி, சொல்றதுக்கு?"

தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எம்.ஜி.ஆர். மறைவுக்குக் கீழே, என் கையெழுத்தில், 'கிணறு கெட்டது'. வருஷத்துக்கு விட்ட இடம் அப்படியே கிடக்கிறது.