எண்ணூர் பக்கம் ஒரு ரங்கூன்!

சென்ட்ரலை ஒட்டின மூர் மார்க்கெட் வளாகத்துல கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிங்க. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் தாண்டினா எண்ணூர். கன்டெய்னர் லாரி, நிலக்கரித் தூசு, அசோக் லேலண்ட் தொழிற்சாலை... 'இங்கே சுற்றிப் பார்க்க என்ன இருக்கு?'ன்னுதானே கேட்கறீங்க? இருக்கு பாஸ். ஆட்டோக்காரர்கிட்ட 'பர்மா நகர்'னு சொல்லுங்க.

பேரே கதை சொல்லுது. ஒரு காலத்துல, வட்டிக்கடை நடத்தப் போன செட்டியார் முதல் துறைமுகத்துல மூட்டை தூக்கப் போன கூலி வரை, தமிழர்கள் கப்பல் ஏறிப் போன சீமை பர்மா. 1931 கணக்கெடுப்புப்படி ரங்கூன் மக்கள்தொகையில பாதிக்கு மேல இந்தியர்கள்! இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான் குண்டு போட்டப்போ, காட்டு வழியா நடந்தே இந்தியா வந்தவங்க லட்சக்கணக்குல. 'பராசக்தி' பார்த்திருக்கீங்கல்ல? அந்தக் குடும்பமும் ரங்கூன் குடும்பம்தான்.

போர் முடிஞ்சதும் திரும்பிப் போய்ப் பிழைச்சாங்க. 1962-ல நீ வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல கடைகள் அரசுடைமை. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு. (2016 நவம்பர்ல நாம ஏ.டி.எம். வாசல்ல நின்னோமே, அதை இவங்க அப்பவே பார்த்தாச்சு!) பணம், நகை எடுத்துட்டு வரவும் கடும் கட்டுப்பாடு. கிட்டத்தட்ட வெறுங்கையோட கப்பல்ல சென்னைக்கு வந்து இறங்கினாங்க. தமிழ்நாட்டுக்கு வந்தவங்க மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல.

அரசாங்கம் வெச்ச பேரு 'தாயகம் திரும்பியோர்'. ஆனா யோசிச்சுப் பாருங்க. அங்கேயே பிறந்து, பர்மீய மொழி பேசி, அந்தத் தெருவுலேயே கோலி விளையாடின பையனுக்கு எது தாயகம்? அங்கே 'நீ கலா'ன்னாங்க. இந்தியாக்காரங்களைக் குத்திக் காட்டுற பர்மீயச் சொல் அது. இங்கே வந்தா 'பர்மாக்காரங்க'. ரெண்டு ஊர்லயும் வெளியூர்க்காரன்!

மனசு கேட்கலைன்னு சிலர் தரை வழியா பர்மாவுக்கே திரும்பப் பார்த்திருக்காங்க. எல்லையில தடுத்துட்டாங்க. மணிப்பூர்ல இருக்கிற மோரே என்கிற எல்லை ஊர்லயே தங்கிட்டாங்க. அங்கே இன்னிக்கும் தமிழ்ச் சங்கமும் அம்மன் கோயிலும் இருக்கு.

இங்கே தங்கினவங்களுக்கு வியாசர்பாடி, எண்ணூர்னு குடியிருப்புகள் உருவாச்சு. 1969-ல பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்தது. நாம ஃபாரின் சென்ட்டும் சி.டி.யும் பேரம் பேசி வாங்கின அதே பஜார்தான்! பிழைப்புக்கு வழி பண்ணியாச்சு. நாக்குக்கு?

அதுக்குத்தான் அத்தோ. பர்மீய மொழியில 'அதோக்'னா கையால பிசைஞ்சு கலக்கறது. வடசென்னைப் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டி முன்னாடி நில்லுங்க. பட்டையான நூடுல்ஸ், சீவின முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு வறுத்த எண்ணெய்... எல்லாத்தையும் கிண்ணத்துல போட்டு அண்ணன் ஒரு பிசை பிசைவார் பாருங்க! மேல பேஜோவை நொறுக்கிப் போடுவார். அந்த 'ஜோ'வுக்குப் பொரிச்சதுன்னு அர்த்தம். பக்கத்துலயே சுடச்சுட வாழைத்தண்டு சூப். பர்மாவுல கெளுத்தி மீன் போட்டுக் கொதிக்கிற மொஹிங்காவுலயும் இதே வாழைத்தண்டு உண்டு. சீன நூடுல்ஸோட மட்டும் இதை ஒப்பிடாதீங்க, அண்ணன் கோவிச்சுக்குவார்.

பண்டிகையும் சூப்பரா ஒத்துப் போகுது. நமக்கு சித்திரை ஒண்ணு வர்ற அதே நாட்கள்லதான் அவங்களுக்கு 'திஞ்சான்'. ஏப்ரல் 13 வாக்குல ஆரம்பிச்சு நாலு நாளைக்கு ஊரே ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்திக்கும், அப்புறம் புத்தாண்டு. வெல்லம் வெச்ச அரிசி உருண்டையை வெந்நீர்ல போட்டு எடுப்பாங்க. நம்ம கொழுக்கட்டைக்குத் தங்கச்சி! ஒண்ணுல மட்டும் வெல்லத்துக்குப் பதில் மிளகாயை ஒளிச்சு வெச்சு, கடிக்கிறவன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கறது அங்கே மரபு. ஹாஸ்டல்ல டிரை பண்ணிடாதீங்க மக்களே!

அத்தோ தப்பிச்சிடுச்சு. யூடியூப்காரங்க கூட வரிசையில நிக்கறாங்க. பர்மீய மொழிக்குத்தான் ஆபத்து. தாத்தா பாட்டி பேசின மொழியில பேரன் பேத்திக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் சாப்பாட்டுப் பேருங்கதான். ஆனா 2021 பிப்ரவரியில அங்கே மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்பவும், 2025 மார்ச்சுல மாண்டலே பக்கம் பூமி அதிர்ந்தப்பவும், நமக்கு அது வெளிநாட்டுச் செய்தி. யாங்கோன்லயும் மோல்மேன்லயும் இன்னும் சொந்தபந்தம் இருக்கிற வீடுகளுக்கு அது ஊர்ச் செய்தி.

எண்ணூர்லேருந்து திரும்பறப்போ ராயபுரம் வழியா பீச் ஸ்டேஷன் போற ரயில் கிடைச்சா விடாதீங்க. இறங்கி நடந்தா செகண்ட் லைன் பீச் ரோடு, வரிசையா அத்தோ கடை. நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும். கடையில வயசான ஒருத்தர் இருந்தா, 'ஐயா, உங்க சொந்த ஊர் எது?'ன்னு கேட்டுட்டு, ரெண்டாவது கப் சூப்பை வாங்கிக்குங்க. பதில் வர கொஞ்சம் நேரமாகும்.