பந்தலுக்குள் இறங்கும் வெயில்

கோவை நகரிலிருந்து மேற்கே சிறுவாணிச் சாலை வழியாகச் செல்வோர், பேரூரைக் கடந்து மாதம்பட்டியை நெருங்கும்பொழுது, தென்னந்தோப்புகளுக்கு நடுவே கல்கால் நட்டுக் கம்பி கட்டிய திராட்சைப் பந்தல்களைக் காணலாம். நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொண்டாமுத்தூர், நரசிபுரம் முதலிய ஊர்களிலும் இப்பயிர் உண்டு. நாம் சென்றது கருநிறமும் நறுமணமும் வாய்ந்த பன்னீர் திராட்சைத் தோட்டம் ஒன்றிற்கு. இவ்வினத்தை 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

வேதாகமத்தில் நாம் வாசிக்கும் பாலஸ்தீன நாட்டில் கொடிகளைத் தரையிலேயே படரவிடும் வழக்கம் இருந்தது. அங்கே கோடையில் மழை இல்லை. ஆகவே குலைகள் அழுகுவதும் அரிது. நம் நாட்டு மழையும் ஈரக்காற்றும் அதற்கு இடம் தரா. எனவே ஒரே தண்டை ஆள் உயரத்திற்கு மேல் ஏற்றி, நுனியைக் கிள்ளி, இருபுறமும் இரு கைகளாகப் பிரித்து, அவற்றினின்று கிளைக்கும் கொப்புகளைக் கம்பிகளின் மேல் பாய்போல் பரப்புகின்றனர். ஐரோப்பாவில் குளிர்காலம் கொடியை இலையுதிர்த்து உறங்க வைக்கிறது. இங்கே உறக்கம் இல்லாத கொடிக்கு அவ்வேலையைச் செய்வது கவாத்துக் கத்தரியே. மார்கழி, தை மாதங்களில் ஒருமுறையும், வைகாசி, ஆனியில் மறுமுறையும் வெட்டுகின்றனர். பன்னீர் இனத்தில் முற்றிய கொப்புக்கு நான்கு கணுக்களை விடுவர். மெலிந்த கொப்பை ஒன்றிரண்டு கணுவோடு குறைத்துவிடுவர். வெட்டியபின் ஏறத்தாழ நான்கு மாதங்களில் அறுவடை.

நாம் சென்றது தை மாதக் கடைசி. ஒரே பந்தல், ஒரே வயதுக் கொடிகள், ஒரே நாளில் கவாத்து. ஆயினும் வடபாதியில் ஒவ்வொரு தளிரிலும் சிறு பூங்கொத்துகள் எட்டிப் பார்த்தன. தென்பாதியிலோ பெரும்பாலும் பற்றுக்கம்பிகளே சுருண்டு நின்றன.

"போன வைகாசிக் கவாத்துக்கு அப்புறம் வடபக்கம் ஆளு வெச்சு வேண்டாத கொப்பையெல்லாம் எடுத்துப்போட்டமுங்க, சாமி. தெக்கால ஆளே கெடைக்கலீங்க. அப்படியே உட்டுப்போட்டமுங்க. பந்தல் இருட்டாப் போச்சுங்க" என்றார் தோட்டக்காரர்.

இருட்டு என்ற அச்சொல் மிகச் சரியானது. முழு வெயிலில் நிற்கும் ஓர் இலை, தான் உண்ணத்தகும் ஒளியில் பெரும்பங்கைத் தானே உறிஞ்சிவிடுகிறது. அதன் கீழுள்ள இலைக்குக் கிட்டுவது பத்தில் ஒரு பங்கும் இல்லை. மூன்றாம் அடுக்கு இலை உழைக்காமல் உண்பது என்றே சொல்லலாம். இது இலையோடு முடியவில்லை. இன்று தளிரில் வெளிப்படும் பூங்கொத்து இன்று உண்டானதன்று. முந்தைய பருவத்தில், கணுவிலுள்ள மொட்டுக்குள்ளேயே அதன் கரு தோன்றிவிடுகிறது. அக்கரு குலையாகவும் ஆகலாம், பற்றுக்கம்பியாகவும் ஆகலாம்; இரண்டிற்கும் மூலம் ஒன்றே. அவ்வேளையில் மொட்டின்மேல் போதிய வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது குலையாக உருப்பெறும். நிழலில் கிடந்தால் பெரும்பாலும் வெறும் கம்பியாக நின்றுவிடும். இமாசலத்து ஆப்பிள் தோட்டங்களிலும் கவாத்து செய்து கிளைகளை விரித்துவிடுவது இக்காரணம் பற்றியே. முழு வெயிலில் ஏறத்தாழ 30 விழுக்காடேனும் எட்டாத உட்கிளைகளில் பூமொட்டு நன்கு அமைவதில்லை.

ஆகவே, தை மாதத்துக் கத்தரியை எவ்வளவு திறமையாகப் பிடித்தாலும், ஆடி ஆவணியில் விழாத வெயிலை அது கொண்டுவந்து சேர்க்காது. பச்சைப்பசேல் என்று கூரைபோல் மூடிய பந்தலைச் சாலையில் போவோர் மெச்சிச் செல்கின்றனர். விவரம் அறிந்தவர்களோ, நண்பகலில் பந்தலின் கீழே தரையைப் பார்க்கின்றனர். ஆங்காங்கே வெயில் புள்ளிகள் ஆடினால் அவர்களுக்கு நிம்மதி.

சித்திரை விளைச்சலை நம்பித்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தோட்டக்காரர் கணக்கிட்டிருந்தார். பாதிப் பந்தல் பொய்த்தது. உரமும் மருந்தும் கேட்கும் பயிர் இது. கூலியோ ஏறிக்கொண்டே போகிறது. காய்க்காத பக்கத்தை இந்தப் பருவம் அப்படியே விட்டுவிடலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்களாம். "உட்டா வைகாசிலயும் இதே கதைதானுங்க" என்றார் அவர்.

நாம் விடைபெறும்பொழுது, இரு பெண்கள் தென்பாதியில் ஏணி போட்டு, நெருங்கி நின்ற தளிர்களைக் கிள்ளி எறிந்து, எஞ்சியவற்றைக் கம்பியின் மேல் விலக்கிக் கட்டிக்கொண்டிருந்தனர். ஒரு குலையும் இல்லாத அந்தப் பக்கத்திற்குத்தான் அன்றைய கூலி முழுவதும்.