குறியும் காரணமும்

நோயின் குறியையே நோயெனக் கொண்டு மருந்து தேடுவார் உலகிற் பலர். மோட்டார் வண்டியைச் செப்பஞ் செய்வாரிடத்தும் இவ்வழக்கம் உண்டென்பதை எங்கள் குடும்பத்துப் பழைய வான் வண்டியால் யான் அறிந்தேன். அதனைக் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தாகும் எனக் கருதுகின்றேன்.

அவ்வண்டி 2014-ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது; எண்மர் அமர்தற்குரியது; பெட்ரோலால் இயங்குவது. சிறுநீரகம் பழுதுற்ற என் பாட்டியாரை வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் இரத்தச் சுத்திகரிப்பிற்காக நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அதுவே. சென்ற ஆண்டில் ஒருநாள் வண்டியின் முகப்பில் என்ஜின் வடிவுள்ள மஞ்சள் விளக்கு எரியலாயிற்று. அது நிலையாக எரியின் விரைவிற் சோதித்தல் வேண்டும். விட்டுவிட்டு மின்னுமாயின், எரியாத பெட்ரோல் புகைக்குழாயுட் சென்று ஆங்குள்ள நச்சுப்புகை மாற்றியைக் கெடுத்துவிடும். எங்கள் விளக்குச் சில வேளை மின்னவுஞ் செய்தது.

அமெரிக்க நாட்டில் 1996-ஆம் ஆண்டு வண்டிகள் முதற் கட்டாயமாக்கப்பட்ட முறையையொட்டி, இக்காலத்து வண்டிகளில் ஸ்டியரிங்கின் கீழ்ப்புறம் 16 முனைகளுள்ள செருகிடம் ஒன்றுண்டு. அதிற் கருவியைச் செருகியபோது இரு குறிகள் தோன்றின: பி0171, பி0300. முன்னது, கலவையிற் பெட்ரோல் குறைந்து காற்று மிக்கதென்பது. பின்னது, சிலிண்டர்களில் எரிதல் ஒழுங்கின்றித் தவறுகின்றதென்பது. பட்டறையார் ஒருவர் முன்னதற்குப் பிராணவாயு உணரியையும், பின்னதற்கு ஸ்பார்க் பிளக்குகளையும் காயில்களையும் மாற்றிக் குறிகளை அழித்தனர். நான்காம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. செலவோ 12,000 ரூபாயைக் கடந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்றார் எந்தையார். விற்றால் பாட்டியாருக்கு வாடகை வண்டியே கதி. வாரம் இருமுறை அச்செலவு எங்களால் தாங்கற்கரியது.

அவ்வமயம் என் தாய்மாமனார் வந்தனர். அவர் நெடுங்காலம் வண்டி வேலை செய்து ஓய்ந்தவர். "குறியை மறுபடி அழிக்கவேண்டாம், மருமகனே! அது சாட்சியை அழிப்பதாகும்" என்றார். குறி தோன்றிய கணத்தில் என்ஜின் இருந்த நிலையையும் வண்டியின் கணினி உடன் பதிந்து வைக்கும். குறியை அழிப்பின் அதுவும் அழியும். என்ஜின் சூடேறி, வண்டி ஓரிடத்தில் நின்றிருந்த வேளையிற் குறி தோன்றியதென்று அப்பதிவிற் கண்டோம்.

நிறையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகின், கணினி பெட்ரோலைக் கூட்டித் திருத்தும். எங்கள் வண்டியில் அத்திருத்தம், என்ஜின் மெல்லச் சுழல்கையில் நூற்றுக்கு 24. நிமிடத்திற்கு 2,500 சுற்றில் நூற்றுக்கு 5. இவ்விரண்டு எண்களும் வழக்கைத் தீர்த்தன. பெட்ரோல் பம்பு தளர்ந்திருப்பின், வேகங் கூடக்கூடத் திருத்தமும் மிகவேண்டும், இங்கோ குறைந்தது. ஆதலின், காற்றை அளக்குங் கருவிக்கு அப்பால் ஏதோ ஒரு துளைவழிக் காற்றுப் புகுகின்றதென உய்த்துணர்ந்தோம். என்ஜின் மெல்லச் சுழல்கையில் அது கொள்ளுங் காற்றுச் சிறிது. அதனுள் துளைக்காற்றுப் பெரும்பங்காகும். விரைந்து சுழல்கையில் மொத்தக் காற்றில் அஃது அற்பமாகிவிடும்.

காற்றுப்பாதையிற் புகையைச் செலுத்திப் பார்த்தோம். கிராங்க் அறையினின்று மேல்வரும் ரப்பர்க் குழாயின் அடிவளைவில், கண்ணிற் படாதிருந்த வெடிப்பொன்றினின்று புகை கசிந்தது. குழாயின் விலை 350 ரூபாய். அதனை மாற்றியபின் திருத்தம் நூற்றுக்கு 3-ஆக இறங்கியது. இரண்டாங் குறியும் உடன் ஒழிந்தது; காற்று மிக்க கலவையே எரிதல் தவறியதற்குங் காரணமாயிருந்தது. பாட்டியாரின் பயணமும் தடையின்றி நடைபெறுகின்றது.

கருவி காட்டும் எண் விசாரணைக்குத் தொடக்கம். எப்பொருளை மாற்றுவதென வினவுமுன், எந்நிலையில் இக்குறி தோன்றிற்றென வினவுவார்க்குப் பொருளுங் காலமும் மிஞ்சும். மாணவ அன்பர்களும் தம் வீட்டு வண்டியில் அவ்விளக்கு எரியக் காணின், குறியை எழுதிவைத்து, உடன் பதிந்த நிலையையுங் கேட்டறிவாராக.