நொய்யலும் டைபரும்

நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், சூதுபவளத்திலும் பளிங்கிலும் மணி செய்த தடயங்களும், ஆட்பெயர் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. சேரரின் கருவூரையும் முசிறித் துறைமுகத்தையும் இணைத்த பெருவழியில் இருந்த ஊர் இது. படியூரில் எடுத்த பெரில் கற்களை உரோமர் விரும்பி வாங்கினர். அவர்கள் கொடுத்த பொன்னும் வெள்ளியும் கொங்கு மண்ணில் காசுக் குவியல்களாக இன்றும் வெளிப்படுகின்றன.

ஊத்துக்குளியில் வாழும் எங்களுக்கு ரோம் நகரைக் காண இதைவிட வேறு காரணம் வேண்டுமா? சுற்றத்தார்க்கு அது விளங்கவில்லை. “காசிக்குப் போற வயசுல ரோமாபுரி எதுக்குங்க?” என்றனர். திருப்பூர்ப் பனியன் நிறுவனமொன்றில் கட்டிங் மாஸ்டராக முப்பதாண்டு நின்றே உழைத்தவர் என் கணவர். “நான் வெட்டுன துணியெல்லாம் போயிட்டு வந்த சீமைதானுங்க. ஒருக்கா ஆளும் போயிட்டு வரட்டும்” என்றார் அவர். முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டு தள்ளினால் இயலாது என்பதை இருவருமே அறிந்திருந்தோம். சேமிப்பில் பெரும்பகுதி அதற்கே சென்றது.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம்வரை காத்திருத்தல் கூடாது. கொலோசியத்தின் நுழைவுச்சீட்டை இணையவழியில் முன்பே பெறுக. அதில் பார்வையாளரின் பெயர் இருப்பதால் கடவுச்சீட்டும் கையில் இருத்தல் வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர்பெற்றது. எனினும் பால்பொருள்களைப் பயணப்பையில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் இசைவதில்லை. எனவே நெய்ப்புட்டி வீட்டிலேயே தங்கிவிட, பருப்புப்பொடி மட்டும் எங்களுடன் வந்தது.

தெருக்களில் சிறு கருங்கற்கள் பதித்துள்ளனர். கண்ணுக்கு அழகு, காலுக்குப் பகை. தடித்த அடிப்பாகமுள்ள காலணி இன்றியமையாதது. பகலில் இரண்டு இடங்களுக்குமேல் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. தெருவோரம் எங்கும் இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓயாது வழிகிறது. நகரில் இத்தகையவை இரண்டாயிரத்திற்கும் மேல் உள்ளன. கோடைகாலத்தில் குடத்துடன் வரிசையில் நின்று பழகிய எனக்குப் பளிங்குச் சிலைகளைவிட அக்குழாய்களே வியப்பளித்தன.

பாந்தியன் கோயிலின் குவிமாடம் ஏறத்தாழ 43 மீட்டர் விட்டமுடையது. தரையிலிருந்து அதன் உச்சிவரை உள்ள உயரமும் அதே அளவே. இரும்புக் கம்பியின்றி வார்த்த அந்தக் கற்காரை ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. உச்சியின் வட்டத் திறப்பில் மழை உள்ளேயே பெய்யும். தரையிலுள்ள துளைகள் வழியே நீர் வடியும்.

நான் தேடிச்சென்றது வேறோரிடம். உரோமானிய மன்றத்தின் அருகே, மாக்சென்டியஸ் மண்டபத்தின் அடியில், பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. சேரநாட்டு மிளகு அங்கே குவிந்திருக்கும். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே எனப் பிளினி தம் நூலில் வருந்தினார். பாடம் நடத்துகையில் அவ்வருத்தத்தைப் பெருமையோடு சொல்வது என் வழக்கம். செங்கற்சுவரின் முன் நிற்கையில், அந்த மூட்டைகளைக் கட்டியவர்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மாலையில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். கணவர் பின்னலாடை ஒன்றை எடுத்து உட்புறம் திருப்பி, கீழ்மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார்.

“ஏனுங்க, நம்மூருதுங்களா?”

“நம்மூர்த் தையலாட்டந்தான் இருக்குது. ஆரு தெச்சாங்களோ, நல்ல கை.”

கழுத்துப் பட்டியில் நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் இருந்தன. கொடுமணல் பானையோடுகளிலாவது ஆளின் பெயர் இருக்கிறதே என்றேன். அவர் விலைச்சீட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சட்டையைப் பழைய மடிப்பு கலையாமல் மடித்து, இருந்த அடுக்கிலேயே வைத்தார்.