மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கடல்

பெரம்பலூர்க்காரர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பினால் மேற்கே கொல்லிமலைக்குப் போவார்கள். இல்லையென்றால் கிழக்கே தரங்கம்பாடி, பூம்புகார், வேளாங்கண்ணி என்று கடற்கரைக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரைப் பார்க்க யாரும் வருவதில்லை. நாங்களும் அதைப் பார்ப்பதில்லை. போன ஐப்பசியில் மலையையும் கடலையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, நடுவில் இருக்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வாடகை வண்டியில் நான், கணவர், அத்தை, பிள்ளைகள் இருவர், அப்பா. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை லாரியில் ஏற்றிப்போய் சிமெண்ட் ஆலைகளில் கொட்டிய கூலியில்தான் அப்பா எங்களை வளர்த்தார். இந்தப் பயணத்துக்கு அவர் வர வேண்டும் என்று நான் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

துறையூர் வழியாகப் போய், காரவள்ளியில் மலையேறினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டியதும் மேகம் வண்டிக்குள் வந்தது. சோளக்காட்டைக் கடந்தால் சாலையின் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி மிளகுக்கொடி, அந்த நிழலில் காப்பிச்செடி. கொல்லிமலைக் காப்பிக்கு ஏற்காட்டுக் காப்பியின் பெயர் இல்லை. ஏற்காட்டில் 1820களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து ஊன்றினார். வெள்ளைக்காரர் எஸ்டேட்டுகள் பெருகின. கொல்லிமலையில் நாங்கள் கண்டதெல்லாம் சிறு சிறு தோட்டங்கள். வீட்டுக்குப் பின்னால் காப்பி, பக்கத்தில் பலா, வாழை, அன்னாசி, மேட்டில் சாமை. ஒரே நிலத்தில் குடும்பத்தின் சோறும் சந்தைக்குப் போகும் சரக்கும் சேர்ந்தே விளைகின்றன. எஸ்டேட்டின் ஒழுங்கைவிட இந்தக் கலப்பு எனக்கு அழகாகப் பட்டது.

செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து, முந்திப் பழுத்த காப்பிப் பழங்களைப் பரப்பியிருந்தார்கள். தூறல் விழுந்ததும் வீட்டுப் பெண்கள் ஓடிவந்து தார்ப்பாயின் நான்கு மூலையையும் மடித்துப் பழங்களை மூடினார்கள். அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய் ஒரு மூலையைப் பிடித்தார். அவர் பிறந்து வளர்ந்தது செட்டிகுளம் பக்கம். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு மழையிலிருந்து காத்துப் பழகிய கை. அந்த வீட்டு மூத்த அம்மாளும் அத்தையும் ஐந்து நிமிடத்தில் உறவாகிவிட்டார்கள்.

"பங்குனியில ஒரு மழ பெய்யலன்னா பூவு இல்ல. ஐப்பசி, கார்த்திகையில பெய்ஞ்சா பழம் காயல. ரெண்டும் அதே மழதான், என்னா பண்றது" என்றார் அந்த அம்மாள்.

காப்பிச்செடியின் ஆண்டு முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. கோடைமழை பட்டதும் செடி வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை வாசம் வரும். சில நாளில் உதிர்ந்துவிடும். அதிலிருந்து எட்டு, ஒன்பது மாதம் கழித்துப் பழம் சிவக்கும். அந்தச் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுப்பது இந்த மழை. செடியில் விட்டால் பழம் வெடித்து உதிரும். பறித்துப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நல்ல வெயிலில் இரண்டு, மூன்று வாரம் காய வேண்டிய பழத்துக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேர வெயில் கிடைத்தால் பெரிது. பெரம்பலூரில் மக்காச்சோளத்தைச் சாலையில் காயப்போட்டுவிட்டு வானத்தையே பார்த்து நிற்கும் சம்சாரிக்கும் இந்த அம்மாளுக்கும் நடுவே உயரம்தான் வித்தியாசம். இருவரும் ஒரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகாய கங்கைக்கு இறங்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். அத்தைக்கு முழங்கால் வலி. அருவியில் வெள்ளமும் அதிகம். மேலே அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து சத்தம் மட்டும் கேட்டோம். அந்த நீர் அய்யாறாகக் கிழக்கே புளியஞ்சோலையில் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. நாங்களும் மறுநாள் கிழக்கே இறங்கினோம்.

துறையூரிலிருந்து பெரம்பலூர் வரை இடப்பக்கம் பச்சைமலை கூடவே வந்தது. அந்த மலையில் பெய்வது மருதையாறாகி, பெரம்பலூரையும் அரியலூரையும் கடந்து கொள்ளிடத்துக்குப் போகிறது. கோடையில் இதை ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். அன்று செந்நிறத்தில் கரைதொட்டு ஓடியது. வெள்ளிக்கிழமை என்பதால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் நடை திறந்திருந்தது. திங்களும் வெள்ளியும் அங்கே விசேஷம். கும்பிட்டுவிட்டு சாத்தனூருக்குத் திரும்பினோம்.

சாத்தனூர்க் கல்மரம் ஓர் ஓடையோரம் படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர். கரையில் வளர்ந்த ஊசியிலை மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்தது. நீரில் கரைந்திருந்த தாது மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் ஊறி, மரம் இருந்த இடத்தில் கல் வந்து உட்கார்ந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் கணுவும் பட்டையும் அப்படியே தெரிகின்றன. "அப்ப இந்த எடம் கடலாம்மா?" என்று மகள் கேட்டாள். அவள் ஏழாம் வகுப்பு. பெரம்பலூரில் பிறந்தவள். இதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நானும்கூட.

கடல்தான். கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகியபோது, கடல் நம் நிலத்துக்குள் புகுந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டங்களின் சில பகுதிகளில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அது ஏறியும் இறங்கியும் நின்று, பிறகு கிழக்கே பின்வாங்கியது. அந்தக் கடலைப் பார்க்க வேண்டுமானால் காரைக்குப் போக வேண்டும். மழை வெறித்த நேரமாகப் பார்த்துப் போனோம். பெய்யும்போது அந்தக் களிமண்ணில் கால் வைக்க முடியாது.

காரை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். அதுவரை நான் பார்த்ததில்லை. மஞ்சள், காவி, வெளுத்த சாம்பல் என்று நிறம் நிறமான களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகளால் நூறு பிளவாகக் கிடக்கின்றன. புல் பூண்டு இல்லை. மண்ணுக்குள் ஜிப்சத் தகடுகள் வெளிச்சத்தில் மின்னுகின்றன. குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் முனை கூரான கற்கள்: பெலம்னைட், கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளெலும்பு. சுருள் சுருளாக அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓட்டுத் துண்டுகள். சுறாப் பற்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து இன்றைய கடற்கரை நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்.

இந்த நிலத்தை உலகம் நெடுநாளாக அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைகளை அளந்து படம் வரைந்தார். இங்கிருந்து போன ஓடுகளை ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா என்ற மொராவியா நாட்டு இளைஞர் ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, 1873க்குள் பெரும் தொகுதிகளாக எழுதி முடித்தார். அடுத்த ஆண்டே இமயத்தைத் தாண்டிப் போன ஆய்வுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோனார். எங்கள் ஊர்க் கற்களுக்காக உழைத்த மனிதர் என்றுதான் நான் அவரை நினைக்கிறேன். அந்தக் கடல் இங்கே நின்ற கிரெட்டேசியஸ் காலத்தைப் படிக்கிறவர்கள் உலகெங்கும் இன்றும் அரியலூர் என்ற பெயரை உச்சரிக்கிறார்கள். அரியலூருக்குப் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் அங்கே சிமெண்ட் தூசியைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள்.

மழைக்கும் காரைக்கும் உள்ள உறவுதான் என்னை அங்கே நெடுநேரம் நிறுத்தியது. ஒவ்வோர் அடைமழையும் மேட்டின் ஒரு படலத்தை அரித்து, புதிதாகச் சில ஓடுகளை வெளியே காட்டுகிறது. போன மழை காட்டியதை இந்த மழை ஓடையில் அடித்துப்போகிறது. வெளியே வந்ததெல்லாம் நிலைப்பதில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசரின் எலும்புகளை 1980களின் கடைசியில் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்து எழுதினார்கள். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. இன்று பார்க்க ஒன்றும் இல்லை. 2020இல் குன்னத்தில் குளம் வெட்டும்போது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிவம் சேர்ந்து உருண்டவை என்று ஆய்ந்தவர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. முட்டையாக இல்லாவிட்டால் என்ன? ஒன்பது, பத்து கோடி ஆண்டுக்கு முந்திய கடலுயிர் ஊர்க் குளத்தில் கிடைத்தால் அதுவே கொண்டாட வேண்டிய சேதிதான்.

மகன் ஒரு சுருள் கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்தால் மழையைவிட வேகமாக நாமே அரித்துவிடுவோம். அழுதான், அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

அரியலூர் நெருங்கும்போது அப்பா பேசத் தொடங்கினார். எந்தக் குழி எப்போது தோண்டியது, எந்த வளைவில் லாரி கவிழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1939இல் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை. அதற்கப்புறம் வரிசையாகப் பல. எல்லாம் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல் முழுக்கச் சிப்பி. "கல்ல ஒடச்சா உள்ள உள்ளங்கை அகலத்துக்குச் சிப்பி இருக்கும் தாயி. கடல் சாமான் இங்க எப்புடி வந்துச்சுன்னு கேட்டா, சூப்பர்வைசரு ஏத்துடா மொதல்லம்பாரு" என்று மகளிடம் சொன்னார். தமிழ்நாட்டின் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்தச் சிப்பிகள் பொடியாக இருக்கின்றன. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் சோறும் அதில் வந்ததுதான். ஆனால் குழி வெட்டும்போது ஒரு மாணவரோ ஆய்வாளரோ கூட நின்று, உடைபடும் முன் பார்க்க வேண்டியதைப் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். கைவிட்ட குழிகளில் மழைநீர் நிரம்பி, பச்சையாகக் கிடந்தது.

ஜெயங்கொண்டம் வழியாக, முந்திரிக்காடுகளைக் கடந்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி, திருவாலங்காட்டுச் செப்பேட்டில் நீரால் ஆன வெற்றித்தூண் என்று புகழப்படுகிறது. அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தோம். 1836இல் கட்டிய கீழணை. மதகுகளுக்கு அந்தப்பக்கம் வெள்ளம் நுரைத்து விழுந்தது. மேலே பச்சைமலையில் பெய்த மழையும் இதில் வருகிறது என்று மகளிடம் காட்டினேன். கும்பகோணத்தில் டிகிரி காப்பி. கொல்லிமலையிலிருந்து வாங்கிவந்த காப்பித்தூளை அத்தை பையிலேயே பத்திரமாக வைத்திருந்தார்.

தரங்கம்பாடியில் படகுகளைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பிள்ளைகள் சுற்றி ஓடினார்கள். நான் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போய் நின்றேன். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். காரையில் கடல் பின்வாங்கிய நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, அது முன்னேறும் இடத்தில் நிற்பது புதிதாக இருந்தது.

திரும்பும்போது தஞ்சாவூர், திருமானூர் வழியாக வந்து, கீழப்பழுவூர் பக்கத்தில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் நின்றோம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். கண்ணாடிக்குள் இருந்த சிப்பிக்கல் ஒன்றின் முன் அப்பா நின்றுவிட்டார். "கல்லங்குறிச்சிக் கல்லு. நான் ஏத்துன கல்லு" என்றார். பக்கத்திலிருந்த பையன் திரும்பிப் பார்த்து, "இது எவ்வளவு ஆழத்துல இருக்கும் தாத்தா?" என்றான். அப்பா கையை உயர்த்திக் காட்டி, மேல்மண் எத்தனை அடி, அதற்கடியில் சிப்பிக்கல் எத்தனை அடி, அதற்கும் கீழே என்ன நிற மண் என்று சொல்லத் தொடங்கினார். வரிசை கலைந்து பிள்ளைகள் அவரைச் சூழ்ந்தார்கள். ஆசிரியை அவர்களை அதட்டவில்லை. தன் நோட்டைத் திறந்து, அப்பா சொன்னதைக் குறித்துக்கொண்டார்.