பெர்கோலைடு போன வாரம்

2007 மார்ச் 29, வியாழக்கிழமை. நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்டாக இருந்தேன். பெர்கோலைடு இனி விற்பனைக்கு இல்லை, தயாரிக்கும் கம்பெனிகளே விலக்கிக்கொள்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது. அமெரிக்காவில் 1988-இல் அனுமதி பெற்ற பார்கின்சன் மாத்திரை அது. பெர்மாக்ஸ் என்ற விற்பனைப் பெயரைச் சொன்னால் உடனே தெரியும்.

தலையில் இடி விழுந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஜனவரியிலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்திருந்தன. எர்காட் பூஞ்சையின் வழிவந்த மருந்து இது. மூளையில் டோபமைனின் வேலையைச் செய்யும். கூடவே இதய வால்வில் இருக்கும் ஒரு செரட்டோனின் ஏற்பியையும் தூண்டிவிடும். வால்வு தடித்துச் சரியாக மூடாது, ரத்தம் பின்னால் கசியும். உடல் மெலியக் கொடுத்த ஃபென்ஃப்ளூரமினை 1997-இல் எடுத்ததும் இதே வால்வுக் கோளாறால்தான். பத்து வருஷம் கழித்தும் அதே கதையா என்று எரிச்சலாக வந்தது.

செய்தியைக் கேட்டுச் சிலர் அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் மோசம். சட்டென்று விட்டால் உடம்பு விறைக்கும், காய்ச்சல் வரும், புத்தி தடுமாறும். "நிறுத்தாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட பேசுங்க" என்று போனிலேயே பொழுது போனது.

வழக்கமாக ரீஃபில் வாங்கும் ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். கையெழுத்துப் போடும்போது முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும். போகப்போக எறும்பு வரிசையாகிவிடும். சட்டைப் பட்டனைத் தானே போட்டிருந்ததைக் காட்டினார். "இது இந்த மாத்திரை போட்ட பட்டன். இனிமே யார் போடுவா?" மனைவி அவரைப் பார்க்கவில்லை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க எங்கே போகணும் என்று என்னிடம் கேட்டார். இருவரும் கேட்டது நியாயம். மருந்தை எடுத்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தப் பட்டனுக்கு எந்த அறிவிப்பிலும் இடமில்லை.

அவருடைய டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ரோபினிரோல் என்ற வேறு பார்கின்சன் மாத்திரைக்கு மாற்றினார். கை பரவாயில்லை, பகலெல்லாம் தூக்கம் என்று பெரியவர் குறைபட்டுக்கொண்டார்.

அந்த வருஷமே குதிரை வளர்ப்பவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். வயதான குதிரைகளின் பிட்யூட்டரிக் கோளாறுக்கும் பெர்கோலைடுதான் மருந்து; அவற்றுக்குத் தொடர்ந்து கிடைக்க எஃப்டிஏவே வழி விட்டிருந்தது. பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"அப்படின்னா எனக்கு ஒரு லாயம் பாரும்மா" என்றார்.