வாட்டம்

அம்மாவுக்கு முழங்கால் மடங்க மறுத்த பிறகு, கொல்லைப்புறக் கழிப்பறை எட்டாத தூரமாகிவிட்டது. படுக்கையறையை ஒட்டியே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். வீட்டில் எல்லாரும் டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேச, எனக்குத் தரைக்கு அடியில் போகும் குழாயைப் பற்றித்தான் கவலை. அது சரியில்லை என்றால் தரையையே உடைக்க வேண்டும்.

வந்த பிளம்பர் நிதானமான மனிதர். குளோசெட் வீட்டுக்கு வந்து இறங்காமல் குழாயைத் தொட மாட்டேன் என்றார். எஸ் டிராப் என்றால் கழிவு தரைக்குள் இறங்கும், பி டிராப் என்றால் சுவர்ப் பக்கம் போகும். எஸ் டிராப்பிலும் சுவரிலிருந்து குழாய் வாயின் நடுவுக்கு 9 அங்குலம் கேட்பது உண்டு, 12 அங்குலம் கேட்பது உண்டு. “பூச்சும் டைல்ஸும் சேர்ந்து சுவர் முன்னால வந்துரும் சார், அதையும் கணக்குல சேர்க்கணும்” என்று சொல்லித்தான் டேப்பை விரித்தார்.

வெளியே இருக்கும் சேம்பர் வரை 4 அங்குல பிவிசி குழாய். 40 அடிக்கு ஓர் அடி வாட்டம், அதாவது 10 அடிக்கு 3 அங்குலம். டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பியதும் உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டது. அது மேலேறி வெளியேறும்வரை டியூபை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் சுவரில் பென்சில் கோடு விழுந்தது. இன்னும் சரித்து வைத்தால் வேகமாகப் போகுமே என்று என் மைத்துனர் கேட்டார். “தண்ணி மட்டும் முன்னாடி ஓடிரும், மத்தது குழாயிலேயே தங்கிரும் சார்” என்றார்.

குளோசெட்டின் வளைவில் எப்போதும் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். கழிவுத்தொட்டியின் வாடை வீட்டுக்குள் வராமல் தடுப்பது அவ்வளவு தண்ணீர்தான். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் காப்புரிமை பெற்ற எஸ் வளைவின் வழிதான் இது. கொட்டிய தண்ணீர் வேகமாக இறங்கும்போது இந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடக்கூடும். அதைத் தடுக்கத்தான் மொட்டைமாடிக்கு மேல்வரை ஒரு காற்றுக்குழாய். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இதுதான் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குழாய் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்ட், செங்குத்துக் குழாயின் அடியில் திறந்து மூடும் டோர் பெண்ட். அடைப்பு வந்தால் மூடியைக் கழற்றி ராடு விட்டே எடுத்துவிடலாம். கையால் மலம் அள்ள வைப்பதை 1993லும், இன்னும் கண்டிப்பாக 2013லும் சட்டம் போட்டுத் தடுத்தும், தொட்டிக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவர்களின் செய்தி நிற்கவில்லை. என் வீட்டுக் குழாய்க்காக யாரும் கையை உள்ளே விடக்கூடாது. அதற்கான ஏற்பாடு குழாய் பதிக்கும்போதே நடந்தாக வேண்டும்.

அழகு கெடுகிறது, சேம்பர் மூடிமேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார் கொத்தனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழாயின் முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, இணைப்புகளில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மணல் போட்டோம். அதற்கு முன் டேப்பைப் பக்கத்தில் பிடித்து எடுத்த படங்களை அச்சிட்டு, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.